மேற்கேயும் கடல் இருந்தது

தீவு என்றால் நாலு பக்கமும் கடல் இருக்கும் என்பது எனக்கு ஐம்பத்தேழாவது வயதில்தான் தெரிந்தது. பள்ளிக்கூடத்தில் சொல்லித்தரவில்லையா என்று கேட்காதீர்கள். சொல்லித்தந்தார்கள். பரீட்சையில் சரியாக எழுதி மார்க்கும் வாங்கினேன். ஆனாலும் தெரியாது. இதில் கூடுதல் கேவலம் என்னவென்றால், முப்பத்திரண்டு வருஷம் டிராவல்ஸ் ஆபீசில் உட்கார்ந்து ஊராரைத் தேசம் தேசமாக அனுப்பிக்கொண்டிருந்தவன் நான்.

என் பக்க நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். காரைக்காலில் பிறந்தவனுக்குக் கடல் என்றால் கிழக்கு. "கடல் பக்கமா போங்க" என்று வழி சொன்னால் கிழக்கே போகச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். மேற்கே திருநள்ளாறு, அதற்கப்பால் வயல், அதற்கும் அப்பால் இன்னும் வயல். சூரியன் கடலில் எழுந்து வயலில் விழும். இந்த ஏற்பாடு உலகத்துக்கே பொது என்று இருந்துவிட்டேன். ஆபீஸ் சுவரில் மொரீஷியஸ் வரைபடம் ஒன்று தொங்கியது. தீவைச் சுற்றி நீலமாக இருந்ததை, அச்சாபீஸ்காரன் அழகுக்குப் போட்ட கலர் என்றே நினைத்திருந்தேன்.

இதையெல்லாம் வெளியே சொல்லும் உத்தேசம் எனக்கு இல்லை. போன மாதம் பழைய ஆபீசுக்குச் சும்மா எட்டிப்பார்க்கப் போனேன். இப்போது என் நாற்காலியில் ஜெனிபர் என்ற பெண் இருக்கிறாள். கெட்டிக்காரி.

"அங்கிள், மொரீஷியசுக்குப் போறதுக்குப் பத்து காரணம் வேணும்னு கம்ப்யூட்டர்கிட்ட கேட்டேன். கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள குடுத்துடுச்சு. நீங்க அந்தக் காலத்துல எத்தன நாள் எடுத்துப்பீங்க?"

"ரெண்டு வாரம். அது சரி, இது மொரீஷியஸ் போயிருக்கா?"

"அது எங்க அங்கிள் போவும்?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போகாமல், பார்க்காமல், கூச்சமே இல்லாமல் பத்துக் காரணம் எழுதுகிற ஆள் உலகத்தில் நான் ஒருவன்தான் என்று நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தேன். நடை என்னைவிடச் சுத்தம். பொய் சொல்லும்போதும் அதற்குக் கை நடுங்கவில்லை. "நீங்க நெசமா போனத எழுதிக் குடுங்க அங்கிள், நாங்க படிக்கிறோம்" என்றாள். எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிப்பதென்றால் வாசல் பக்கமாகப் போய்ச் சிரிக்கவும்.

ஆபீஸ் மாதா கோயில் தெருவில் இருந்தது. முதலாளியை ஊரே 'முசே' என்று, அதாவது பிரெஞ்சில் 'ஐயா' என்று கூப்பிடும். பிரெஞ்சுப் பட்டாளத்தில் கணக்கெழுதும் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். சித்திரை வெயிலிலும் கழுத்தில் டை. பன்னிரண்டு மணிக்கு மாதா கோயில் மணியடித்தால், கையில் இருப்பது யாருடைய பாஸ்போர்ட்டாக இருந்தாலும் மூடிவைத்துவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார். நான் சேர்ந்த முதல் மூன்று வருஷம் எனக்கு அவர் கற்றுத்தந்தது பென்சில் சீவுவது. நான்காம் வருஷம், சீவிய பென்சிலால் எழுதுவது. பேனா அதற்கப்புறம்.

பாஸ்போர்ட் பார்ப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. முதலில் மோந்து பார்ப்பார். நனைந்து காய்ந்த பாஸ்போர்ட் என்றால் மூக்கே சொல்லிவிடும். பிறகு ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொரு தாளாகத் திருப்புவார். பிறகு பெயரை எழுத்தெழுத்தாக உரக்கப் படிப்பார், நான் டிக்கெட்டில் அதே எழுத்துகளைப் பென்சிலால் தொட்டுக்கொண்டே வரவேண்டும். கடைசியாகப் பயணியை நிறுத்திவைத்து, போட்டோவையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்கதானே?" என்பார். ஒருமுறை கூடப்பிறந்த தம்பியிடமே அப்படிக் கேட்டார்.

விளம்பரத் தாளுக்கும் ஒரு சட்டம் உண்டு. எந்த நாடாக இருந்தாலும் பத்துக் காரணம். ஒன்பது என்றால் சோம்பேறி, பதினொன்று என்றால் வாயாடி. ஒவ்வொரு வரிக்கு எதிரிலும் சிவப்புப் பென்சிலை வைத்து ஒரே கேள்வி கேட்பார்: "யார் பார்த்தது?"

போய்வந்தவர் யாராவது தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லியிருக்க வேண்டும். அதற்காகவே 'பார்த்தவர் நோட்டு' என்று ஒன்று வைத்திருந்தோம். ஊருக்குத் திரும்பிய பயணியை நாற்காலியில் உட்காரவைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பார்த்ததைச் சொல்லச் சொல்லி நான் எழுதிக்கொள்வேன். கீழே அவர் கையெழுத்து. நல்ல முறைதான். அதை எழுதிக்கொள்ள என்னைப் போட்டதுதான் தப்பு.

மொரீஷியசுக்கு எங்கள் நோட்டில் ஒரே ஒரு சாட்சி. போலகத்துக்காரர், சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனவர். போன அன்றே வயிற்றுப்போக்கு. ஐந்து நாளும் ஓர் அறையில் படுத்துக்கிடந்து வந்திருக்கிறார்.

"என்னங்க பாத்தீங்க?"

"மச்சுல மூணு பல்லி இருந்துச்சு."

"வேற?"

"கடல் பக்கத்துலதான் வீடுன்னாங்க. ஒரு சத்தமும் கேக்கலங்க. நம்ம ஊர்ல கடலு ராப்பகலா கத்துமே, அங்க கப்சிப்."

இந்த மனிதரை வைத்துக்கொண்டு பத்துக் காரணம் எழுதினேன். தமிழ் எழுத்துப் போட்ட ரூபாய் நோட்டு, ஏழு நிறத்தில் மண், மலை முகட்டில் மேகம், கூடை அளவு ஆமை என்று இங்கிலீஷ் புத்தகத்தைப் பார்த்து ஒன்பதைத் தேற்றிவிட்டேன். பத்தாவது இல்லை. போலகத்துக்காரர் சொன்னதை எடுத்துக் கொஞ்சம் ஜிகினா ஒட்டினேன்: 'காரணம் பத்து: அங்கே கடல் சத்தம் போடாது. கடலுக்குப் பயந்தவர்களும் முழங்கால் தண்ணீரில் நின்று தங்கள் கால் நகத்தை எண்ணலாம்.'

"யார் பார்த்தது?" என்றார் முசே.

"போலகத்துக்காரர், முசே."

"எழுந்து நின்னாரா அந்தாளு?"

"ஒரு நாள் நின்னாருங்க."

சிவப்புப் பென்சில் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது. பிறகு சரி என்று ஒரு சுழி போட்டார். என் உத்தியோக வாழ்க்கையில் அவர் என்னை நம்பியதற்காக நான் வெட்கப்படுகிற ஒரே இடம் அது.

அந்தத் தாள் அச்சாகிப் பல காலம் கழித்து, ஒருநாள் மத்தியானம் அஞ்சலை அக்கா வந்தார். கோவில்பத்தில் மீன் விற்பவர். கடையை முடித்து, கைகால் கழுவி, நல்ல புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். மடியிலிருந்து எங்கள் தாளை எடுத்தார். எட்டாக மடித்த மடிப்பில் எழுத்தே தேய்ந்திருந்தது.

"தம்பி, இதுல பத்தாவதா ஒண்ணு போட்டுருக்காமே. எம்மருமவ படிச்சுக் காட்டுச்சு. நெசமா?"

"அச்சுல போட்டிருக்கோமேக்கா."

"அச்சு கெடக்கட்டும். சத்தம் போடாதா?"

"போடாதுக்கா. அது ரொம்ப மரியாத தெரிஞ்ச கடலு."

சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"நா கிளிஞ்சல்மேட்டுப் பொண்ணு. கடலு சத்தம் கேக்கலன்னா எனக்குத் தூக்கம் வராது. சுனாமியில எஞ் சின்ன மவ செல்வி போயிட்டா. ஏழு வயசு. அதுக்கப்பறம் அந்தச் சத்தம் கேட்டா எனக்குப் பல்லு கிட்டிப்போவுது. கோவில்பத்துக்கு வந்துட்டேன். கடல்ல வர்ற மீனத் தொட்டு அறுக்குறேன், கடல மட்டும் இந்நாள் வரைக்கும் பாக்கல. இப்ப எம் மவன் முருகன் திரும்ப கிளிஞ்சல்மேட்டுலயே வீடு கட்டிட்டான். படகு அங்க கெடக்கு, தொழிலு அங்க, அவன் என்ன செய்வான்? பேத்திக்கு ரெண்டு வயசு. என்னைக் கூப்புட்டுக்கிட்டே இருக்கான். ரெண்டு தடவ கெளம்புனேன். தெருமுனையோட திரும்பிட்டேன்."

நான் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தேன்.

"அதான் நெனச்சேன். சத்தமில்லாத கடலு ஒண்ணு இருக்குன்னா, மொதல்ல அதுல போயி நின்னு பாக்குறேன். நின்னுட்டேன்னா நம்ம கடலுக்கும் வந்துடுவேன், பேத்தியோட இருந்துடுவேன். நிக்க முடியலன்னா அதோட விட்டுடுறேன், மறுபடி யாரும் என்னைக் கூப்புட வேணாம். டிக்கெட்டு மவன் போடுறான். ஆனா ஒண்ணு. நானா கேக்குற வரைக்கும் கடல எங் கண்ணுல காட்டப்படாது. நானா கேக்கணும். என்ன?"

"அவ்வளவுதானக்கா? கடலு கெழக்க இருக்கும். உங்களுக்கு மேக்க ரூம் போட்டுடுறேன். மல, காடு, அருவி, அங்கல்லாம் பாருங்க. அஞ்சாம் நாளு நீங்க சொன்னா கெழக்க கூட்டிட்டுப் போறேன்."

எவ்வளவு சுளுவாகச் சொல்லிவிட்டேன்!

வழக்கமாகக் குழுவோடு முசேதான் போவார். அந்தத் தைமாதம் அவருக்கு முட்டியில் ஆபரேஷன். புதுச்சேரி ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் படுத்திருந்தார். அதனால் பயணத் திட்டம் அவர் பென்சிலுக்குத் தப்பியது, வழிகாட்டியாக நான் போகவேண்டியதாயிற்று. அதற்குமுன் நான் கடந்த மிகப் பெரிய தண்ணீர் அரசலாறு.

ஓட்டல் பிடித்தது நான்தான். அங்கேயிருந்த ஏஜெண்டிடம் போனில் "மேற்குப் பக்கம் வேண்டும்" என்று கேட்டேன். "மேற்கா, அருமையான இடம்" என்றான். அங்கே கடல் இருக்கிறதா என்று கேட்கத் தோன்றவில்லை. திருநள்ளாற்றில் ரூம் போடும்போது, பீச் எவ்வளவு தூரம் என்று யாராவது கேட்பார்களா?

பதினான்கு பேர். அஞ்சலை அக்காவுக்கு விமானத்தில் நடுச் சீட்டு, ஜன்னல் பக்கம் ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், இறங்குகிறவரை ஜன்னலைத் திறக்கக்கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. பஸ் கரும்புக் காட்டுக்குள்ளேயே ஓடியது. ஓட்டலில் இறங்கி நின்று காதைத் தீட்டிக் கேட்டேன். ஒரு சத்தமில்லை. அக்காவும் கேட்டார்.

"கடலு ரொம்பத் தூரமா தம்பி?"

"காததூரம்க்கா. நிம்மதியா படுங்க."

காலையில் ஹெட்மாஸ்டர் கதவைத் தட்டினார். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், முகம் வெளுத்திருந்தது.

"ஆரோக்கியம், வெளியில கடல் இருக்கு."

"இருக்காதே சார்."

"வந்து பாருய்யா."

போய்ப் பார்த்தேன். இருந்தது. ஓட்டல் படிக்கட்டுக்கும் அதற்கும் ஐம்பது அடி இருக்காது. அலை என்று ஒன்று இல்லை. தாம்பாளத்தில் ஊற்றிவைத்ததுபோல் அசையாமல் கிடந்தது. சேசு மரி சூசை! ராத்திரி முழுக்க எங்கள் தலைமாட்டில் இது இப்படியே படுத்திருந்திருக்கிறது, மூச்சுக்கூட விடாமல்.

அப்போதாவது எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. கடல் இருக்கிறது, ஆகவே இது கிழக்கு, ஏஜெண்ட் பயல் என்னை ஏமாற்றிவிட்டான் என்று முடிவு கட்டினேன். அதற்குள் குழுவில் பாதிப் பேர் எழுந்து வந்துவிட்டார்கள். சமாளிக்க வேண்டுமே. "எல்லாரும் வாங்க, சூரியோதயம் பாக்கலாம்" என்று கடலைப் பார்த்து வரிசையாக நிற்கவைத்தேன். ஹெட்மாஸ்டர் சம்சாரம் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டார். நின்றோம். நின்றுகொண்டே இருந்தோம். வெளிச்சம் வந்துவிட்டது, சூரியன் வரவில்லை. என் பிடரியில் சுள்ளென்று சுட்டது. திரும்பிப் பார்த்தேன். எங்களுக்குப் பின்னால், மலைக்கு மேலே, நல்ல உயரத்தில் சூரியன் நின்று எங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"யோவ், அப்ப இது மேற்கு" என்றார் ஹெட்மாஸ்டர் மெதுவாக. நாற்பது வருஷம் பூகோளம் நடத்தியவர், அவரும் கைகூப்பித்தான் நின்றிருந்தார்.

நான் அந்த அதிர்ச்சியை முழுங்குவதற்குள் மாடியிலிருந்து அலறல் கேட்டது.

முதல் மாடியில் அஞ்சலை அக்காவின் அறை. கதவு திறந்து கிடந்தது. அறையைச் சுத்தம் செய்ய வந்த பெண், கையில் திரைச்சீலையின் கயிற்றோடு விறைத்து நின்றாள். விருந்தாளி எழுந்துவிட்டார் என்று திரையை இழுத்துத் திறந்திருக்கிறாள். ஜன்னல் முழுக்கக் கடல். குளியலறைக் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது.

"அக்கா."

தண்ணீர்க் குழாயை முழு வேகத்தில் திறந்துவிட்டிருந்தார். அந்தக் கடலுக்குச் சத்தமே இல்லை. ஆனாலும் சத்தம் கேட்காமல் இருக்க அவர் குழாயைத் திறந்துவைத்திருந்தார்.

"அக்கா, நான் ஆரோக்கியம்."

"பொய்யி சொல்லிட்ட தம்பி." பல் கிட்டிப்போன குரல். "சத்தம் போட்டாவது வந்துருக்கலாம்ல அது. திருடன் மாரி வந்து நிக்கிது."

பத்தாவது காரணம் பொய்யில்லை. அது நிஜமாக இருந்ததுதான் வினை. நம்ம ஊர்க் கடல் தெருமுனையிலேயே குரல் கொடுத்து எச்சரித்துவிடும், அவரும் திரும்பிப் போய்விடலாம். இது எச்சரிக்கவேயில்லை.

முசேக்குப் போன் போட்டேன்.

"முசே, மேற்கேயும் கடல் இருக்குங்க."

ஆஸ்பத்திரிக் கட்டில் கிறீச்சிட்டது.

"யார் பார்த்தது?"

"நான்தாங்க."

"அப்ப நோட்டுல எழுதி, கீழ நீயே கையெழுத்துப் போடு." பிறகு குரல் தணிந்தது. "ஆரோக்கியம், இனிமே அந்தம்மாகிட்ட கண்ணால பாத்தத மட்டும் சொல்லு. பாக்காத ஒரு வார்த்த வாயில வந்துச்சுன்னா, நாக்கக் கடிச்சுக்க." வைத்துவிட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

திரை இழுத்த பெண்ணின் பெயர் பார்வதி. பெயர்தான் தமிழ். பேச்சு முழுக்க, பிரெஞ்சு கலந்த அந்த ஊர்க் கிரியோல் பாஷை. முசேயிடம் பொறுக்கிய பிரெஞ்சை வைத்து விஷயத்தைச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. "இந்த ஊரில் கடல் இல்லாத பக்கம் எது?" என்று கேட்டேன். என்னையே உற்றுப் பார்த்தாள். மூளை சரியில்லாதவனிடம் பேசுவதுபோல நிதானமாகச் சொன்னாள், "முசியே, இது தீவு."

அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது.

பார்வதிதான் வழியும் சொன்னாள். நடுவில் மேட்டில் ஓர் ஊர் இருக்கிறது, அங்கே அவள் அக்கா வீடு, அங்கிருந்து கடல் தெரியாது, மழைதான் தெரியும். அஞ்சலை அக்காவை எப்படி வெளியே கொண்டுவருவது? பார்வதி குளியலறைக் கதவோரம் தரையில் உட்கார்ந்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் கோயிலில் பாடுகிற முருகன் பாட்டு ஒன்றுதான். அதைப் பாடினாள். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து பாடினாள். நாலாவது தடவை உள்ளே குழாய் நின்றது. ஐந்தாவதில் தாழ்ப்பாள் விலகியது. தலையோடு முகத்தையும் மூடி ஓட்டல் துண்டைப் போர்த்திக்கொண்டு, பார்வதி கையைப் பிடித்தபடி அக்கா வண்டிவரை நடந்தார். ஓட்டலில் எல்லோரும் வேடிக்கை பார்த்தார்கள். நான் பின்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். யார் என்ன நினைத்தாலும் அவர்கள் நினைத்தது எனக்குப் பொருந்தும்.

மேட்டு ஊரில் நிஜமாகவே மழைதான். இரண்டு நாள் நான் குழுவைக் கூட்டிக்கொண்டு ஏழு நிற மண்ணையும் ஆமையையும் காட்டிவிட்டு, சாயங்காலம் அங்கே ஓடுவேன். மண்ணில் நான் எண்ணியவரை ஐந்து நிறம். ஏழு என்று சாதித்தார் ஹெட்மாஸ்டர். ஆமை கூடை அளவில்லை, எங்கள் ஆபீஸ் மேஜை அளவு. ஒவ்வொன்றையும் பார்க்கப் பார்க்க, நான் எழுதியதில் எது சரி எது தப்பு என்று முகத்தில் அறைந்துகொண்டே வந்தது.

அங்கே அக்காவும் பார்வதியின் அக்காவும் ஒரு பாஷையும் பொதுவில்லாமல் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் அந்த அம்மாள் மீன் அறுத்த லட்சணத்தைப் பார்த்து, அக்கா கத்தியைப் பிடுங்கிக்கொண்டாராம்.

"என்ன தம்பி இது, செவுள எடுக்காம கொழம்பு வெக்கிறாங்க! இந்தத் தேசத்துக்கு வரச்சொல்லி பத்து காரணம் எழுதுனியே, இத எழுதுனியா?"

திட்டினார் என்றதும் எனக்கு உயிர் வந்தது.

நாலாம் நாள் தைப்பூசம். அந்த ஊர்க் கோயிலுக்கு அக்காவையும் கூட்டிக்கொண்டு போனார்கள், நானும் போனேன். தெரு முழுக்க ஆணும் பெண்ணும் ஒரே ரோஸ் நிற உடுப்பு. முதுகில் எலுமிச்சம்பழம் தொங்க, கன்னத்தில் அலகு குத்தி, பூக் காவடி தூக்கி மழையில் வெறுங்காலோடு ஏறிப்போகிறார்கள். பக்கத்தில் நின்ற ஆளிடம் தமிழில் ஏதோ கேட்டேன். சிரித்துவிட்டுக் கையை விரித்தார். ஆனால் அவர் கையிலிருந்த தாளைப் பார்த்துப் பாடியது தமிழ். எட்டிப்பார்த்தேன். தமிழ்ப் பாட்டு, பிரெஞ்சு எழுத்து. எனக்கு மயிர்க்கால் குத்திட்டது. பத்துக் காரணத்தில் நான் இதை எழுதவேயில்லை.

"தமிழு தெரியாதவங்க தமிழ்ல அழுவுறாங்க, பாரு" என்றார் அக்கா. பிறகு வாழையிலையில் ஏழு கறி போட்டுச் சாப்பிடச் சொன்னார்கள். அக்கா சாப்பிட்டார். இரண்டாம் முறை சோறு வாங்கினார்.

திரும்பும்போது காட்டு வழியாக வந்தோம். டிரைவர் ஒரு வளைவில் நிறுத்தி, இறங்கிப் பாருங்கள் என்று சைகை காட்டினார். கம்பித் தடுப்பு, அதற்குக் கீழே அதல பாதாளம். பச்சைப் பள்ளத்தாக்கு, ஒரு மெல்லிய அருவி, வால் மட்டும் ஒரு முழ நீளமிருக்கும் வெள்ளைப் பறவை ஒன்று எங்கள் காலுக்குக் கீழே பறந்துபோகிறது. பறவையை மேலிருந்து பார்ப்பது எனக்கு அதுதான் முதல் தடவை. வாயைப் பிளந்து நின்றேன்.

"தம்பி." அக்கா தடுப்பைப் பிடித்திருந்தார். பள்ளத்தாக்கு முடிகிற இடத்தில், இரண்டு மலைக்கு நடுவில், நீலமாக ஒரு கோடு. "அந்தாண்ட தெரியுதே, அது வானமா?"

வானம் என்று சொல்லிவிட்டால் வண்டியில் ஏறிப் போய்விடலாம். டிரைவருக்குத் தமிழ் தெரியாது. யாரும் காட்டிக்கொடுக்க மாட்டார்கள். நாக்கைக் கடித்துக்கொண்டேன். வலித்தது.

"கடலுக்கா."

அவர் கை தடுப்பை இறுக்கியது. கண்ணை மூடுவார் என்று பார்த்தேன். மூடவில்லை. மழை நின்று, மேகம் விலகி, அந்தக் கோடு பளிச்சென்று ஆனது. டிரைவர் ஒரு பீடி அளவு சிகரெட்டைப் பிடித்து முடித்து அணைத்தார். அக்கா பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இது மேக்கதானே?"

"ஆமாங்க்கா. இப்ப நிச்சயமா தெரியும்."

"எனக்கு மேக்கால கடலு வேணாம். எம்மவ கெழக்கதானே போனா. நாளைக்குக் கெழக்க கூட்டிட்டுப் போ."

அவராகக் கேட்டுவிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. கிழக்குக் கரையை நான் பார்த்ததில்லை.

மறுநாள் காலை போனோம். அக்கா, நான், டிரைவர். கரையோரம் சவுக்கு மரங்கள், அப்படியே நம்ம ஊர் மாதிரி. வண்டியை விட்டு நான் முதலில் இறங்கினேன். சத்தம் கேட்டது. கிட்டத்தில் இல்லை. கரையிலிருந்து வெகுதூரத்தில் வெள்ளையாக ஒரு நுரைக் கோடு, அங்கே கடல் எதன்மேலோ மோதிக்கொண்டேயிருந்தது. அங்கிருந்து அந்த முழக்கம். எழுதினேனே பாவி, சத்தம் போடாது என்று.

"அக்கா, இறங்காதீங்க. சத்தம் இருக்கு. தூரத்துல இருக்கு. நான் எழுதுனது தப்பு. இத நான் பாக்கல, கேக்கல, சும்மா எழுதுனேன்."

அவர் இறங்கிவிட்டார். ஒரு சவுக்கு மரத்தில் கையை ஊன்றி நின்று கேட்டார். தாடை இறுகியது. டிரைவரிடம் கேட்டேன். அது பவளப்பாறை, தீவைச் சுற்றி மதில் மாதிரி நிற்கிறது, அலை அதைத் தாண்டி வராது என்றார். அப்படியே அக்காவிடம் சொன்னேன், டிரைவர் சொன்னது, நான் பார்க்கவில்லை என்பதையும் சேர்த்து.

"கேக்குது" என்றார். அப்புறம் வெகு நேரம் கழித்து, "அங்கனயே நிக்கிதுல்ல?"

"இதுவரைக்கும் நிக்கிதுக்கா. பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

செருப்பை மரத்தடியில் கழற்றிவைத்துவிட்டு மணலில் இறங்கினார். நாலடி வைப்பார், நிற்பார். எங்கள் மீனவத் தெருக்களில் சுனாமிக்குப் பிறகு எத்தனையோ பேர் மறுபடி கடலில் இறங்கிவிட்டார்கள், வயிறு என்று ஒன்று இருக்கிறதே. அவர்கள் எப்படி இறங்கினார்கள் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. மாதா கோயில் தெருவுக்கும் கடலுக்கும் எவ்வளவு தூரம்? நடந்தே போகலாம். இவ்வளவு தள்ளி வந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தண்ணீர் அவர் பாதத்தைத் தொட்டது. உடம்பு ஒரு குலுக்குக் குலுங்கியது. நான் ஓடப்போனேன், அவர் கையைப் பின்னால் நீட்டி நிறுத்தினார். இன்னும் நாலடி. கணுக்கால். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால்வரை போய் நின்றார். குனிந்து இரண்டு கையாலும் அள்ளி முகத்தைக் கழுவினார். தண்ணீரைப் பார்த்து என்னவோ பேசினார். என் காதுக்கு எட்டவில்லை. எட்டாதது நல்லது, எட்டியிருந்தால் நான் எங்காவது எழுதியிருப்பேன்.

அப்படியே நின்றுகொண்டு என்னைப் பார்க்காமலே சொன்னார். "எம்மவனுக்குப் போனு போடு. நா சொன்னேன்னு சொல்லு. கெழக்கு ஜன்னல்கிட்ட எனக்குக் கட்டிலப் போடச் சொல்லு. வர்றேன்னு சொல்லு."

போட்டேன். சொன்னேன். அந்தப் பக்கம் முருகன் மூக்கை உறிஞ்சுகிற சத்தமும், ஒரு குழந்தை போனைக் கேட்டு அடம்பிடிக்கிற சத்தமும் மட்டும் கேட்டது.

போனைப் பையில் போட்டதும் எனக்குத் தாங்கவில்லை. முப்பத்திரண்டு வருஷம் சேர்த்துவைத்தது அத்தனையும் வாய்க்கு வந்துவிட்டது. முள்ளும் பாறையும் இருக்கும் என்று டிரைவர் கொடுத்த ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, தண்ணீரில் ஒரு காலும் மணலில் ஒரு காலுமாக நின்று ஆரம்பித்தேன். "அக்கா, என்னை மன்னிச்சுக்குங்க. நான் ஒரு ஊரையும் பாக்காமலே எழுதுனவன். போலகத்துக்காரர் படுத்துக்கெடந்து கேட்டத வெச்சு எழுதுனேன். மேக்கால கடல் இருக்குன்னே எனக்குத் தெரியாதுக்கா. உங்கள அந்தக் குளியலறையில போட்டு அழவிட்டேன், அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. இனிமே என் ஆயுசுல, பாக்காத ஒண்ண…"

அவர் திரும்பவேயில்லை.

"செருப்பக் கழட்டிட்டு எறங்கு."